சிவப்புத் துணி, பச்சைத் துணி

சிவப்புத் துணி கட்டின மூட்டையிலிருந்து நாலு தட்டு. பச்சைத் துணி கட்டின மூட்டையிலிருந்து இரண்டு தட்டு. அதன்மேல் ஒரு தட்டு வெள்ளைக் களிமண். தண்ணீர், உள்ளே கீறியிருக்கிற கோடு வரைக்கும். மூடியை இறுக்கு, டிரம்மைச் சுற்ற விடு.

இவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு மேல் நான் செய்த வேலையை இதைவிட நீட்டிச் சொல்ல எனக்கு வராது. இதைவிட நீட்டி எனக்கு யாரும் சொல்லவில்லை.

கருவேப்பிலங்குறிச்சியில் எட்டாவது முடித்துவிட்டுக் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள் நான். அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். ஊரைச் சுற்றிச் சின்னதும் பெரிதுமாகக் கம்பெனிகள் இருந்தன. எங்களுடையது சின்னது. டீக்கடைக் கோப்பை, ஊறுகாய் ஜாடி, மின்சாரப் பெட்டிக்கு ஃப்யூஸ் கட்டை. முதலில் எனக்குத் தந்தது ஸ்பாஞ்சு வேலை. அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த கோப்பையின் விளிம்பை ஈரப் பஞ்சால் ஒரு சுற்று துடைத்துவிட வேண்டும். அழுத்தினால் நசுங்கும், அழுத்தாவிட்டால் பிசிறு நிற்கும். குழந்தையின் வாயைத் துடைக்கிற அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் என் கையில் இருந்தது. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு கிளேசு ரூமில் போட்டார்.

கிளேசு என்றால் கோப்பைக்குப் பளபளப்பு தருகிற வெள்ளைக் குழம்பு. காய்ச்சின பாலைப்போல் இருக்கும். கோப்பையை அதில் முக்கிச் சூளைக்கு அனுப்பினால், நெருப்பில் அது உருகிக் கண்ணாடியாகக் கோப்பைமேல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழம்பை அரைப்பதுதான் என் வேலை. வெள்ளைத் தூள், வெள்ளைத் தூள், வெள்ளைத் தூள். இமை வெள்ளை, காதுமடல் வெள்ளை, கொலுசின் இடுக்கு வெள்ளை. சாயங்காலம் நான் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், “மாவு மில்லு வந்திடுச்சு, எடம் வுடுங்க” என்பார். நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். சன்னலோரம் எனக்கு நிச்சயம்.

மூட்டைகளில் பெயர் கிடையாது. வரும்போது இருக்கும். மேனேஜர் அதன்மேல் களிக்குழம்பைப் பூசி மறைத்துவிடுவார். எனக்கு முன்னால் அந்த ரூமில் இருந்தவர் எல்லாம் தெரிந்துகொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். எங்கள் பளபளப்பு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து முதலாளி வைத்த ஏற்பாடு இது. லாரி வந்தால் மேனேஜர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரும்போது ஒருவகை மூட்டைக்குச் சிவப்புத் துணி, இன்னொரு வகைக்குப் பச்சைத் துணி. சிவப்பு, ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் போர்த்தினதில் கிழித்தது. பச்சை, அவர் வீட்டுச் சன்னல் திரை. இரண்டு முறுக்கு முறுக்கி, வாலை உள்ளே செருகி முடிச்சுப் போடுவார். பார்சல் கட்டுகிறவர் போடுகிற முடிச்சு.

கிளேசு ரூமுக்கு வெளியே தொட்டி முன்னால் உட்கார்ந்து கோப்பை முக்குகிறவள் ஒருத்தி இருந்தாள். மங்கலம்பேட்டைக்காரி, என்னைவிட இரண்டு வயது இளையவள். நோன்பு மாதத்திலும் வேலைக்கு வருவாள். பறக்கிற தூள் உதட்டில் படக்கூடாதென்று முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு, கண்ணால் மட்டும் கேலி பேசுவாள். அவள்தான் தூள்களுக்குப் பெயர் வைத்தாள். சிவப்புத் துணிக்காரி செவப்பாயி. பச்சைத் துணிக்காரி பச்சையாயி.

“எக்கா, செவப்பாயி நாலு புள்ள பெத்தவ, பச்சையாயி ரெண்டோட நிறுத்திக்கிட்டா.”

“சும்மா இருடி.”

“நெசந்தான்கா. குடும்பக் கட்டுப்பாடு.”

ஆனால் எனக்குச் சிரிப்புக்கு அடியில் ஒரு முள் இருந்தது. இரண்டும் வெள்ளை. எதற்கு ஒன்று நாலு, ஒன்று இரண்டு? ஒருநாள் மேனேஜரிடமே கேட்டேன்.

“சார், இது ரெண்டும் என்னா சார்?”

“ஒனக்கு எதுக்கும்மா அது? கொழம்பு வெக்கறப்ப உப்பு எந்தக் கடல்ல எடுத்ததுன்னா கேக்குற?”

“உப்புன்னு தெரிஞ்சிதான சார் போடுறன்.”

அவர் சிரித்துவிட்டார். சாதுவான மனிதர். பஸ் தாமதமானால், “ஆத்துல தண்ணியா?” என்று கேட்பாரே தவிர முறைக்க மாட்டார். மழைக்குத் தன் குடையைத் தந்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனவர். அவர் எனக்குக் கெட்டவராகவே இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் அவர் சொன்னார், ஊரிலேயே சர்க்கார் பீங்கான் பள்ளிக்கூடம் இருக்கிறது, கம்பெனி ஆட்களுக்கென்றே ஆறு மாதப் பயிற்சி நடக்கிறது, எட்டாவது போதும் என்று. கம்பெனி ஒரு கடுதாசி தர வேண்டும், இவரை அனுப்புகிறோம், முடித்து வந்ததும் வேலையில் எடுத்துக்கொள்கிறோம் என்று. “நீ போய்ட்டு வா. வந்தா இந்த ரூமே ஒன் பொறுப்பு. நான் சொல்றன் முதலாளிகிட்ட.”

விண்ணப்பத்தை நானே எழுதினேன். நீல மையில், ஒரு அடித்தல் இல்லாமல். நாலு நாள் கழித்து மேனேஜர் சொன்னார், “முதலாளி கையெழுத்துப் போட்டுட்டாரும்மா. நானே தபால்ல சேத்துட்டன்.”

விண்ணப்பம் கொடுத்த அன்று சாயங்காலமே கடைவீதியில் ஒரு நோட்டு வாங்கியிருந்தேன். காக்கித் தாளில் அட்டை போட்டு மேனேஜரிடமும் காட்டியிருந்தேன். அதில் எழுதப்போகிற முதல் இரண்டு வார்த்தைகள் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. செவப்பாயியின் நிஜப் பெயர். பச்சையாயியின் நிஜப் பெயர்.

அந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டதாம். அடுத்த வருஷம் பெண்களுக்கு வசதி சரியாக இல்லையாம். அதற்கடுத்த வருஷம் பயிற்சியையே தள்ளிவைத்துவிட்டார்களாம். மூன்று தடவையும் மேனேஜர்தான் வந்து சொன்னார். மூன்று தடவையும் என்னைவிட அவர் முகம் வாடியிருந்தது. நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன், “அடுத்த தபா பாத்துக்கலாம் சார்” என்று.

அப்பா ஊரில் டீக்கடையில் சொல்லிவிட்டார், “எம் மவ சர்க்கார் படிப்புக்குப் போவப் போறா.” பெண் பார்க்க இரண்டு இடம் வந்தது. “ஆறு மாசப் படிப்பு ஒண்ணு இருக்குதுங்க, முடிக்கட்டும்” என்று அனுப்பிவிட்டார். டீக்கடையில் ஒருவர் கேட்டாராம், “படிப்பு ஆறு மாசம், அதுக்குக் காத்திருக்கறது மூணு வருசமாய்யா?” அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சோறு பாதியில் எழுந்துவிட்டார்.

நானும் சும்மா இல்லை. பெயர் தெரியாதே தவிர என் விரலுக்கு அவர்களைத் தெரியும். செவப்பாயியை உள்ளங்கையில் அள்ளினால் மெத்தென்று படிவாள். பச்சையாயி விரலிடுக்கில் நறநறப்பாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மங்கலம்பேட்டைக்காரி சோதித்துப் பார்ப்பாள், பத்துக்குப் பத்து. “இதுக்கு ஒரு படிப்பு இருந்தா நீதான்கா மொத மார்க்” என்பாள்.

மாசி மகம் வந்தது. மேனேஜர் மூன்று நாள் லீவு போட்டு மாமியார் வீட்டுக்கு, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போனார். இரண்டாம் நாள் லாரி வந்து நின்றது. மூட்டைகள் இறங்கின. துணி கட்ட ஆள் இல்லை. முதலாளி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு நிறத் துணியோடு, ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம். வெளியே வந்தபோது முழங்கை வரை வெள்ளை.

“ம். கட்டியாச்சு. போடு” என்றார்.

உள்ளே போனேன். பெரிய பெரிய முடிச்சு, வைக்கோல் கட்டைக் கட்டுகிற மாதிரி. சிவப்புத் துணி மூட்டையைப் பிரித்து முதல் தட்டை அள்ளினேன். நறநறத்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி அள்ளினேன். மறுபடியும் நறநறப்பு. பச்சைத் துணி மூட்டையில் கைவிட்டேன். மெத்தென்று படிந்தாள் செவப்பாயி.

முதலாளி இன்னும் வாசலில்தான் நின்றார். “முதலாளி, இது வேற மாதிரி இருக்குதுங்க” என்றேன்.

“எது?”

“செவப்பு. கையில வேற மாதிரி படுதுங்க.”

“என்னா வேற மாதிரி?”

அங்கேதான் நின்றுவிட்டேன். என்ன வேற மாதிரி? என் விரலுக்குத் தெரிந்ததற்கு என் வாயில் பெயர் இல்லை. இது இன்னது, இது வெந்தால் இன்னது ஆகும், மாற்றிப்போட்டால் இன்னது ஆகும் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட என்னிடம் தரப்படவில்லை. பெயரில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு முதலாளியிடம் எப்படி வாதாடுவது?

“நானே கட்டுன துணிம்மா. நீ எண்ணித் தட்டு போடு, போதும்.”

அவர் போனதும் தொட்டியிலிருந்து மங்கலம்பேட்டைக்காரி குரல் கொடுத்தாள், “செவப்பாயிக்குப் பேய் புடிச்சிருக்கும்கா, வேப்பில அடி.” அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சிவப்பில் நாலு, பச்சையில் இரண்டு போட்டேன். டிரம் சுற்றியது.

சூளையைப் பிரிக்கிற காலைக்குள் மேனேஜர் திரும்பியிருந்தார். வாசலில் அடுக்கியிருந்த செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வழக்கமாக உள்ளே வெளிச்சம் விழுந்ததும் கோப்பைகள் ஈரக் கண்ணைப்போல் மின்னும். அன்றைக்கு உள்ளே நீறு பூசின மாதிரி இருந்தது. எல்லாம். மேலடுக்கு, கீழடுக்கு, ஃப்யூஸ் கட்டை, ஜாடி, எல்லாம். சொரசொரவென்று, நாலு நாள் மழிக்காத தாடைமாதிரி. ஒன்றும் உருகவில்லை.

மேனேஜர் ஒரு கோப்பையை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அரை நொடிதான். அந்த அரை நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நிம்மதியாக இருந்தது. அவர் வந்துவிட்டார், அவர் சொல்லிவிடுவார்.

அவர் கிளேசு ரூமுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வரும்போது முதலாளி வந்து நின்றிருந்தார். எல்லாரும் கூடியிருந்தார்கள்.

“துணியப் பாத்துப் போடத் தெரியாதா ஒனக்கு?” என்றார் மேனேஜர்.

“சார், துணி முதலாளிதான் கட்டு...”

“துணி சரியாத்தான் இருக்குது. வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். எது எதில் இருக்க வேண்டுமோ அது அதில் இருந்தது. சிவப்பு செவப்பாயியில், பச்சை பச்சையாயியில். இரண்டு முறுக்கு, வால் உள்ளே செருகி. பார்சல் முடிச்சு.

நான் முடிச்சைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாப் படிச்ச பொண்ணுன்னு சொன்னீங்களேய்யா” என்றார் முதலாளி, அவரிடம். எனக்காக ஒருத்தி பேசலாம். அன்றைக்கு நான் முதலாளியிடம் சொன்னதைக் கேட்டவள் ஒருத்தி இருந்தாள். திரும்பிப் பார்த்தேன். தொட்டியில் கையை முக்கியபடி குனிந்திருந்தாள். முந்தானை வாய்வரை ஏறியிருந்தது. அது நோன்பு மாதம் இல்லை.

என்னை உடைசல் மேட்டுக்கு மாற்றினார்கள். கெட்டுப்போன சாமான்களைச் சுத்தியலால் உடைத்துத் தூளாக்குகிற இடம். தூளை மறுபடி மண்ணில் கலப்பார்கள். முதலில் உடைக்கக் கொடுத்தது அந்தச் சூளையின் கோப்பைகளைத்தான். வெயிலில் உட்கார்ந்து, நானே அரைத்த குழம்பில் முங்கின கோப்பைகளை, ஒவ்வொன்றாக. மங்கலம்பேட்டைக்காரிக்கு கிளேசு ரூமைக் கொடுத்தார்கள். சிவப்பு நாலு, பச்சை இரண்டு. மேனேஜர் அவளுக்கும் அவ்வளவுதான் சொன்னார்.

ஒருநாள் கரண்டு இல்லாமல் கம்பெனிக்கு லீவு விட்டார்கள். ஊருக்குத் திரும்பாமல் நடந்தே சர்க்கார் பீங்கான் பள்ளிக்கூடம் போனேன். இந்த வருஷமாவது இடம் இருக்கிறதா என்று நேரில் கேட்டுவிடலாம் என்று. குமாஸ்தா ஒருவர் இருந்தார். கம்பெனி பெயரைக் கேட்டார். மூன்று வருஷத்துப் பதிவேட்டையும் பொறுமையாகப் புரட்டினார்.

“அந்தப் பேர்ல ஒண்ணும் வர்லியேம்மா. ஒங்க கம்பெனிலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தரையும் அனுப்புனதில்ல.”

“எடம் இல்லன்னு சொன்னாங்களே சார்.”

“எடமா? போன வருசம் நாலு எடம் காலியாவே கெடந்துச்சு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், “கம்பெனி கடுதாசி இல்லாமயும் சேரலாம்மா. வயசு இருவத்தஞ்சு தாண்டக்கூடாது. ஒனக்கு?”

இரண்டு மாதம் தாண்டியிருந்தது.

வெளியே வராந்தாவில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதில் உடைந்த பீங்கான் ஓடுகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஒரு ஓட்டின்மேல் கண்ணாடிச் சொட்டு, பனித்துளி உறைந்த மாதிரி. கீழே ஃபெல்ஸ்பார் என்று எழுதியிருந்தது. பக்கத்து ஓட்டின்மேல் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள், தூளாகவே. கீழே குவார்ட்ஸ். தண்ணீர் குடிக்க வெளியே வந்த குமாஸ்தாவிடம் இது என்ன என்று கேட்டேன்.

“மொத நாள் பாடம்மா இது. ரெண்டு தூளும் பாக்க ஒண்ணுபோல இருக்கும்ல? ஆளுக்கு ஒரு சிட்டிக ஓட்டுமேல வெச்சு சூளைல வுடுவாங்க. இது உருகிக் கண்ணாடியாவும். இது எத்தினி சூட்டுலயும் அப்படியே குந்தியிருக்கும். மாத்திப் போட்டா கிளேசு உருகாது. அவ்ளோதான்.”

முதல் நாள் பாடம். ஒரு சிட்டிகை. நான் மூன்று வருஷம் காத்திருந்தது, அப்பா டீக்கடையில் தலைகுனிந்தது, உடைசல் மேட்டில் நான் உட்கார்ந்திருப்பது, எல்லாம் ஒரு சிட்டிகை. வெள்ளைத் தூள் ஒட்டியிருந்த ஓட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். நறநறத்தாள் பச்சையாயி. உன் பெயர் இதுதானாடி என்று இருந்தது.

மறுநாள் மேனேஜரை உடைசல் மேட்டுக்குப் பக்கத்தில் மறித்தேன்.

“கடுதாசி போவவே இல்லியா சார்?”

அவர் சுற்றிலும் பார்த்தார். “மொத வருசமே கிழிச்சிட்டாரும்மா. கத்துக்கிட்டா எவ திரும்பி வருவான்னாரு. நீ நோட்டெல்லாம் வாங்கி அட்ட போட்டு வெச்சிருந்த. ஒங்கிட்ட எப்படிச் சொல்றது?”

“துணிய ஏன் மாத்துனீங்க?”

“முதலாளி தப்புன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா? என் வேல பூடும்மா. மூணு பொண்ணுங்க எனக்கு.”

போகப் போனவர் திரும்பினார். “ஒன்ன நிறுத்தணும்னுதான் சொன்னாரு. நான்தான் பேசி இங்க போட்டன்” என்றார். அதற்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. சுத்தியலை எடுத்து உடைக்க ஆரம்பித்தேன்.

என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன், படித்து முடித்திருந்தால் போயிருப்பாயா என்று. முதலாளிகள் எல்லாருக்கும் இருக்கிற பயம் இதுதான். இன்றைக்கும் பட்டறை வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், என்னிடம் இதையே சொல்கிறார்கள், கத்துக்கொடுத்தா பறந்துடுறாங்க என்று. நான் போயிருக்க மாட்டேன். அந்த ரூம்மேல் எனக்கு அப்படியொரு ஆசை. நோட்டை நிரப்பிக்கொண்டு வந்து அந்த மூட்டைகள்மேல் பூசின களியைச் சுரண்டி, அவர்கள் பெயரைப் பெரிதாக எழுதியிருப்பேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் நடந்த மீதியைச் சொல்கிறேன்.

அந்த வருஷமே மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கூடுதல் வசதி, வீட்டுக்குப் பக்கம். அவர்மேல் எனக்கு அதில் குறையில்லை, மூன்று பெண்கள். ஆனால் முதலாளியின் கிளேசு முழுக்க அவர் தலைக்குள்தான் இருந்தது, அது அவரோடு நடந்து போய்விட்டது. ஒருவருக்குத் தெரிந்ததால் அவர் போனார் என்றே முதலாளி கடைசிவரை திட்டினார். வேறு ஒருவருக்கும் தெரியாததால்தான் கம்பெனி பின்னால் நின்றுபோனது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

லாரி வந்தது. மூட்டைகள் இறங்கின. இந்தத் தடவை பெயர் எழுதாத வெறும் சாக்கு, வேறு வியாபாரியிடம் வாங்கினது. துணி கட்ட யாருமில்லை. முதலாளி போன தடவை மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மங்கலம்பேட்டைக்காரி உடைசல் மேட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் குனிந்ததற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் தூள் வைத்திருந்தாள்.

“எக்கா, மூட்ட வந்திருக்குது. எது எதுன்னு முதலாளிக்கே தெரியலியாம். அரவை வேற மாதிரி இருக்குது, எனக்கு விரல்ல புடிபடல. நீ பாத்துச் சொல்லுக்கா.”

நான் தூளைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை. இரண்டு ஓட்டுத் துண்டு, ஆளுக்கு ஒரு சிட்டிகை, அடுத்த சூளையில் ஒரு ஓரம். நிச்சயமாகத் தெரிந்துவிடும், இனி எந்த லாரிக்கும் யாரையும் கேட்க வேண்டாம். நாக்கு நுனியில் இருந்தது.

“எனக்குத் துணிதான்டி தெரியும்” என்றேன்.

அவள் நின்றாள். காற்றுக்கு உள்ளங்கைத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்தது.

“அன்னிக்கி நான் வாயத் தொறக்கல, அதுக்காக்கா?”

நான் ஒரு ஜாடியை எடுத்து உடைத்தேன்.

“அன்னிக்கிப் பேசியிருந்தா என்னையும் இங்க ஒக்கார வெச்சிருப்பாங்க. ஒனக்குத் தெரியாதா?”

இன்னொரு ஜாடி.

அவள் ஒன்றைச் செவப்பாயி என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டாள். சூளையைப் பிரித்தபோது மறுபடி நீறு. பயந்துபோய் அடுத்த தடவை அளவையும் மாற்றினாள், அது கோப்பையை விட்டு வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடைக்காரர்கள் வேறு கம்பெனிக் கோப்பைக்குப் போனார்கள். மழைக்கு முன்னால் பாதிப் பேரை நிறுத்தினார்கள், முதல் பெயர் அவளுடையது. அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்ததை மேட்டிலிருந்து பார்த்தேன். என்னை நிறுத்தவில்லை. உடைப்பதற்கு நிறைய இருந்தது.

கற்றுக்கொடுக்காத இடத்தில் என்ன வளர்கிறது என்று என்னைக் கேட்டால், நான் வளர்ந்தேன் என்பேன். முதலாளி ஒளித்தார், மேனேஜர் ஒளித்தார், கடைசியில் நானும் ஒளித்தேன். எனக்கு ஒளிக்கக் கற்றுக்கொடுக்க மட்டும் அந்தக் கம்பெனி ஒரு நாளும் தவறவில்லை. அதற்குக் கடுதாசி வேண்டியிருக்கவில்லை, வயது வரம்பும் இல்லை.

எழுபதுகள் முடிகிற சமயம், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க மங்கலம்பேட்டைக்குப் போனேன். கடைக்குள் கல்லாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி வெளிநாடு போய் அனுப்பினதில் வைத்த கடை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், பிறகு எதற்கு எழுந்தோம் என்பதுபோல் உட்கார்ந்தாள்.

“மாவு மில்லு” என்றாள்.

“இப்ப இல்லடி. எல்லாம் கழுவியாச்சு.”

டீ வாங்கிவரச் சொன்னாள். இரண்டு பீங்கான் கோப்பையில் வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் கை போனது, கோப்பையைத் தூக்கி விளிம்பை நகத்தால் ஒரு சுரண்டு. நல்ல கிளேசு. அவள் சிரிக்கவில்லை.

“அன்னிக்கி ஒனக்குத் தெரியும்ல?” என்றாள்.

எத்தனையோ வருஷம் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைச் சுமந்திருந்தேன். கோபம், வெயில், அவள் முந்தானை, எல்லாவற்றையும் சேர்த்து நீளமாக. வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

“தெரியும்” என்றேன்.

“எப்படி?”

சொன்னேன். இரண்டு ஓட்டுத் துண்டு. ஆளுக்கு ஒரு சிட்டிகை. உருகினால் செவப்பாயி, உருகாவிட்டால் பச்சையாயி. அவர்களுடைய நிஜப் பெயரையும் சொன்னேன். அவள் அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். புதுத்துணியின் கரையை விரலால் நீவிப் பார்க்கிற மாதிரி.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான்.”

அவள் கோப்பையைக் கையில் எடுத்தாள். ஊதவில்லை, குடிக்கவும் இல்லை. இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“டீகூட இன்னும் ஆறலக்கா” என்றாள்.